பின்னோக்கி நடப்பவன்

தேடுவதை நிறுத்திவிட்டோம் என்று சொல்ல வந்த கம்பெனி ஆளுக்கு அம்மா டீ கொடுத்தாள். அவன் அதைக் குடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் கையில் பிடித்தபடியே வந்த விஷயத்தைச் சொல்லி முடித்தான். கப்பல் போன திசையில் ஒரு பலகைத் துண்டுகூடக் கிடைக்கவில்லை. இனி வீட்டில் இருப்பவர்கள்தான் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும்.

"மனசெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி," என்றாள் அம்மா. "நேத்துகூட வந்து வெங்காயம் நட்டுட்டுப் போனான். நீங்க டீயக் குடிங்க, ஆறுது."

கம்பெனி ஆள் அப்பாவைப் பார்த்தான். அப்பா ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் பார்க்க ஒன்றுமில்லை. மூடுபனி கண்ணாடிவரை வந்து நின்றிருந்தது. மகள்தான் அவனை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள்.

"வெங்காயம்னு ஏதோ சொன்னாங்களே?"

"போன்ல ஆடுற கேம் சார். அண்ணன் அதுல ஒரு பண்ணை வச்சிருக்கான். அதைச் சொல்றாங்க."

"ஓ. கேமா." அவன் முகம் தெளிந்தது. "பெத்த மனசு. கொஞ்சம் பக்கத்துலயே இருந்து பாத்துக்கங்கம்மா."

நாலு படி இறங்குவதற்குள் பனி அவனை மூடிவிட்டது. செருப்புச் சத்தம் மட்டும் ஆளில்லாமல் கீழே போயிற்று.

அவள் அவனிடம் சொல்லாதது ஒன்று இருந்தது. வெங்காயம் உண்மையிலேயே நட்டிருந்தது. அவளே பார்த்தாள்.

துறைமுகத்துக்கும் கிடங்குகளுக்கும் நடுவே இருந்தது அந்தத் தெரு. ஒரு பக்கத்து வீடுகளில் மீன் வாடை, மறுபக்கத்து வீடுகளில் அட்டைப்பெட்டி வாடை. அப்பா கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அம்மா சலவைக் கம்பெனியில் வேலை செய்தாள். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகள் துவைத்துப் பிழிந்து பெரிய உருளைக்குள் போய், மறுமுனையில் தகடுபோலச் சூடாக வெளியே வரும். அந்த மறுமுனையில் நின்று பிடித்து மடிப்பவள் அம்மா. மடிப்பைப் பார்த்தே மடித்தது யார் என்று சொல்லிவிடுவாள். இவள் மூலையை இழுத்து மடிப்பாள், அவள் நடுவில் ஒரு தட்டுத் தட்டுவாள் என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு அடையாளம் வைத்திருந்தாள். சூடு பட்டுப் பட்டு விரல் நுனிகள் காய்த்துப்போய், போன் திரை அவள் விரலை விரலாகவே மதிக்கவில்லை.

"பாருடா, இந்த மெஷின் என்னை மனுஷின்னே ஒத்துக்க மாட்டேங்குது," என்று ஆரம்பத்தில் மகனிடம் முறையிட்டாள்.

"விரல் மொளியால தொடும்மா. அங்க இன்னும் தோல் இருக்குல்ல."

அப்படித்தான் கற்றுக்கொண்டாள். மகன் ஆழ்கடல் மீன்பிடிக் கப்பலில் எஞ்சின் பார்க்கிறவன். கரை பக்கமாக வந்து சிக்னல் கிடைக்கும்போது பேசுவதற்கு ஒன்றுமிருக்காது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அங்க மழையா, இங்க மழைதான். அதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால் ஒரு பண்ணையை உண்டாக்கி, தங்கைக்கும் அம்மாவுக்கும் அதில் ஆளுக்கொரு உருவம் செய்து கொடுத்தான். அம்மாவுக்கு வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பெண். அவனுக்கு நீலத் தொப்பியும் மழைக்கோட்டும். மேட்டில் ஒரு வீடு, கீழே ஒரு படகுத்துறை, துறையில் ஒரு விளக்குக் கம்பம். காட்டில் மரம் வெட்டலாம், பாத்தி கட்டலாம், ஆடு வளர்க்கலாம்.

ஆடு பிடிக்கத்தான் அம்மாவுக்கு வரவே இல்லை.

"ஓடாதம்மா. நீ ஓடுனா அதுவும் ஓடும். கையில ஒரு வெங்காயத்த வச்சுக்கிட்டுச் சும்மா நில்லு. அதுவா வரும்."

"எவ்வளவு நேரம்டா நிக்கிறது? எனக்கு அடுப்புல வேலை கிடக்கு."

"அது வர்ற வரைக்கும்தான்."

ஆடு வந்தது. அந்தப் பாடம் அம்மாவுக்குப் பிடித்துப்போய்விட்டது. தெருநாயிடமும், முறைத்துக்கொண்டு போன பக்கத்துவீட்டுக்காரியிடமும், சம்பள உயர்வு தராத சூப்பர்வைசரிடமும் அதையே செய்துபார்த்தாள். முதல் இரண்டும் பலித்தன.

அப்பா மட்டும் தொடவில்லை. ஒருநாள் மகன் தன் போனை நீட்டி, "நீங்களும் ஒரு ஆள் வச்சுக்கங்கப்பா, விறகு வெட்ட ஆள் பத்தல," என்று சிரித்தான். அப்பா கை கழுவிக்கொண்டே, "விளையாட்டுல வெட்டுன விறகு வீட்டு அடுப்புல எரியுமா?" என்று கேட்டார். அவன் போனை மடியில் வைத்துக்கொண்டான். அதற்கப்புறம் அவன் கடலுக்குப் போனான். திரும்பவில்லை.

இரண்டாவது மாதத்தில்தான் பண்ணையில் ஆள் நடமாட்டம் தெரிந்தது. வாடிக் கிடந்த பாத்தியில் ஈரம். பாதியில் நின்றிருந்த வேலி ஒரு முழம் நீண்டிருந்தது. அதுவரை தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா அன்றைக்கு இரண்டாவது முறையாகச் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

"யாராச்சும் கணக்குல புகுந்து விளையாடுறாங்கம்மா," என்றாள் மகள். அண்ணனுடைய பழைய போன், திரையில் விரிசல் விட்டது, அலமாரி இழுப்பறையில் கிடந்தது ஞாபகம் வந்து போய்ப் பார்த்தாள். இல்லை. புதிய போனோடு அதையும் அவனே கொண்டுபோயிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தக் கேமில் ஒரு பெயருக்கு ஒரு ஆள்தான். சிறு வயதில் இருவரும் அண்ணனுடைய பெயரிலேயே ஆடுவார்கள். இவள் தன் போனில் திறந்தால் அவனுடைய போன் அவனை வெளியே தள்ளிவிடும். 'வேறொரு கருவியில் நுழைந்திருக்கிறீர்கள்' என்று திரையில் எழுத்து வரும். அதற்காக எத்தனை தலையணைகள் பறந்திருக்கின்றன! இப்போதும் அவள் அப்படி நுழைந்து பார்த்திருக்கலாம். ஆனால் தான் நுழைந்தால் உள்ளே இருப்பவன் வெளியே விழுவான் என்பது நினைவுக்கு வந்ததும் விரலை எடுத்துவிட்டாள்.

அந்த உருவத்தை அவள் நேரில் பார்த்தது ஒரு மழை மதியம். இருவரும் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். போன் சுவரில் சாய்த்து வைத்திருந்தது.

"இதோ, வந்துட்டான் பாரு," என்றாள் அம்மா, பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வந்ததுபோல.

காட்டின் ஓரத்து மரங்களுக்கு நடுவிலிருந்து முதலில் முதுகு வந்தது. பிறகு நீலத் தொப்பியின் பின்பக்கம். மார்பு உயரத்துக்கு விறகை அணைத்துக்கொண்டு, அண்ணனுடைய உருவம் பின்னோக்கி நடந்து வந்தது. தடுமாறவில்லை. கல்லை விலக்கி, வேலியை விலக்கி, கிணற்றைச் சுற்றி, பிடரியில் கண் இருப்பதுபோல் வந்து வீட்டுப் பின்புறத்தில் விறகை இறக்கியது. வெறுங்கையோடு போகும்போது மட்டும் சாதாரணமாக நடந்து காட்டுக்குள் போனது. மறுபடியும் முதுகு வந்தது.

மகள் கையிலிருந்த பூண்டை உரிக்காமலே கிண்ணத்தில் போட்டாள். "ஏம்மா இப்படி நடக்குறான்?"

"நடக்கட்டும்."

"அண்ணன் ஒருநாளும் இப்படி நடந்ததில்லம்மா. முகமே தெரிய மாட்டேங்குது."

"விறகு நனையாம உள்ள வந்துச்சுல்ல? அத பாரு. பூண்டத் தோலோட போடாத."

மழை விட்டதும் சலவைக் கம்பெனியில் அம்மாவுடன் வேலை செய்யும் நீராவி அக்கா வந்தாள். வாயைத் திறந்தால் சூடாகத்தான் வரும் என்பதால் அந்தப் பெயர். அம்மா அவளுக்கும் காட்டினாள். நீராவி அக்கா மூக்குத் திரையில் படும்வரை குனிந்து பார்த்தாள்.

"பேய்க்குக் கால் தரையில பாவாதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். ரிவர்ஸ்ல வரும்னு எவளும் சொல்லலியே. புது மாடலா இருக்கும்." தானே சிரித்தாள். அடுத்த நடையில் முதுகு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. குரலைத் தாழ்த்தி, "ஏண்டி, அதுக்குப் பசிக்குமா?" என்று கேட்டாள்.

"நான் நட்டதைப் பறிச்சுத் துறையில வச்சிருவேன். காலையில இருக்காது," என்றாள் அம்மா.

கீழே துறையில் கூடை இருந்தது. பக்கத்தில் விளக்குக் கம்பம் எரியாமல் நின்றது.

தெருவில் பேச்சு பரவியது. மகள் வேலை செய்யும் பேக்கரியில் ரொட்டி வாங்க வருகிறவர்கள் சில்லறையை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார்கள். உங்க அண்ணன் வர்றானாமே? முகத்தைக் காட்ட மாட்டானாமே? கடலில் செத்தவர்களுக்குக் கரையின் பக்கம் முகம் திரும்பாது என்று ஒருவர் ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு சொன்னார். எங்கே கேட்டார் என்று தெரியவில்லை. அவள் அன்று ரொட்டிகளை எண்ணாமலே அடுக்கினாள்.

அப்பா ஒருநாள் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனார். மகள் பேக்கரிக்குப் போகும் வழியில் கிடங்குக்குள் நுழைந்தாள். உள்ளே அரை வெளிச்சம். கூரைவரை அட்டைப்பெட்டிச் சுவர்கள், நடுவே சந்துகள். எங்கோ விட்டுவிட்டுக் கத்தும் ஒரு ஓசை நெருங்கி வந்தது. சந்தின் முனையில் முதலில் ஃபோர்க்லிஃப்டின் மஞ்சள் முதுகு தெரிந்தது. பிறகு அப்பாவின் பிடரி. முன்னால் ஆள் உயரத்துக்கு மேல் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவர் கழுத்தை வளைத்துத் தோளுக்கு மேல் பார்த்தபடி, தூணை விலக்கி, தள்ளுவண்டியை விலக்கி, பின்னோக்கியே வந்தார். இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு நேராகப் போனார்.

சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: சுமை கண்ணை மறைத்தால் பின்னோக்கி ஓட்டவும்.

எத்தனையோ முறை படித்த எழுத்துதான். அவள் கையில் டப்பா சூடாக இருந்தது. அதை மறுபடி படித்தாள்.

இடைவேளை மணி அடித்தது. அப்பா வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு அடுக்குகளுக்கு நடுவே போய் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். சட்டைக்குள்ளிருந்து எதையோ எடுத்தார். விரிசல் விட்ட போன் கண்ணாடி வழியாக நீலமும் பச்சையுமாக வெளிச்சம் அவர் முகத்தில் கோடுகோடாக விழுந்தது. கட்டைவிரல் மெல்லக் கீழ்நோக்கி இழுத்தது. கூடவே அவர் கழுத்தும் தோளுக்கு மேல் திரும்பியது. அங்கே பார்க்க எதுவும் இல்லாதபோதும் திரும்பியது.

அவள் கூப்பிடவில்லை. டப்பாவை வண்டி இருக்கையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அன்று மாலை அப்பா கை கழுவும்போது, "சோறு சூடாவே இருந்துச்சு," என்றார், குழாயைப் பார்த்து. அவள், "ம்," என்றாள். இருவருக்கும் அது போதுமாக இருந்தது. அம்மா உள்ளே மொளியால் திரையைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், வேலைக்குப் போகிறாள். இருக்கட்டும் என்று மகள் நினைத்தாள். வீட்டுக்குள் இருக்கிறவரைக்கும் யாருக்கு என்ன நஷ்டம்?

அது வீட்டுக்குள் இருக்கவில்லை.

பனி மறுபடி இறங்கிய ஒரு சாயங்காலம், அதே கப்பலில் வலை சுருட்டும் வின்ச்சை ஓட்டியவனுடைய மனைவி வந்தாள். நிறைமாதம். படியேறி வந்த மூச்சு அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. அப்பா அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அத்தை, நீராவி அக்கா சொன்னாங்க." அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "உங்க பையன் வர்றாராம்."

அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரும் அவரும் ஒரே கேபின்லதான் படுப்பாங்க. கூட இருக்காரா இல்லையா? அது போதும். பேச வேணாம், தலைய ஆட்டினாக்கூடப் போதும்."

"கண்ணு..."

"எங்க அம்மா வந்து கூப்பிடுறாங்க அத்தை. புள்ளப்பேறு நேரத்துல ஏன் ஒத்தையில கிடக்கன்னு. நாளைக்கு வண்டி. நான் போயிட்டேன்னு வச்சுக்கங்க. அவரு வந்து கதவைத் தட்டினா யாரு திறப்பா?" அவள் சிரிக்க முயன்றாள். "சாவியத் தொலைக்கிறதுல அவரு பெரிய ஆளு. இருக்காருன்னு சொன்னா, நான் போகல. எத்தனை வருஷம்னாலும் இங்கேயே இருந்துக்குவேன்."

துறைமுகத்தில் கப்பல்களை எச்சரிக்கும் பனிச்சங்கு ஊதியது. மகள் அப்பாவைப் பார்த்தாள். ஒரு காலில் உறையும் ஒரு கால் வெறுமையுமாக அவர் எழுந்து நின்றார். சட்டைக்குள் கையை விட்டு, விரிசல் விட்ட போனை எடுத்து மேசைமேல் வைத்தார். அது மேசையில் பட்ட சத்தம் சின்னதுதான்.

"வெங்காயம் நட்டது நான்தாம்மா," என்றார் அந்தப் பெண்ணிடம். அம்மாவைப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை. "விறகு, வேலி, எல்லாம். இவ சாப்பிடாமக் கிடந்தா. ஒரு பாத்திக்குத் தண்ணி ஊத்துனேன். அன்னிக்குச் சாப்பிட்டா. அப்புறம் நிறுத்த முடியல. என் பையன் வரல. யாரும் வரல."

வின்ச்காரன் மனைவி வயிற்றின்மேல் வைத்திருந்த கையை எடுக்காமலே இருந்தாள்.

"தெரியும்," என்றாள் அம்மா.

அப்பா நிமிர்ந்தார்.

"லோடு தூக்கினா பின்னாடியே நடக்கிறவன் உலகத்துல எத்தனை பேரு இருக்கான்? வீட்டுல அரிசி மூட்டையத் தூக்கினாலும் நீங்க அப்படித்தான நடப்பீங்க. பொண்ணுக்குத் தெரியல. விரிப்ப மடிச்சவள மடிப்புல கண்டுபிடிக்கிறவ நான், எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சேவா இத்தனை நாளா..."

"அவன் கூப்பிட்டப்ப நீங்க போகல. இப்பப் போயி அவன் தோட்டத்துல வேலை பாக்குறீங்க. அதை நான் ஏன் நிறுத்தணும்?"

அப்பா உட்கார்ந்துவிட்டார். யாரும் கேட்காமலே சொன்னார். "காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டகை கட்டியிருக்கான். நீங்க யாரும் போய்ப் பாத்திருக்க மாட்டீங்க. கதவு அவ்வளவு அகலம். ஆளு லோடோட பின்னாடியே வந்து நுழையலாம். உள்ள ஒரு நாற்காலி. ஒண்ணுதான்." இன்னொரு காலுறையையும் கழற்றினார். "எனக்குன்னுதான் கட்டியிருக்கான்."

அம்மா அந்தப் பெண்ணின் அருகில் தரையில் உட்கார்ந்து அவள் முழங்காலில் கை வைத்தாள்.

"தப்பு என் பேர்ல கண்ணு. வீட்டுக்குள்ள சுத்துற பொய்தானேன்னு விட்டேன். நீராவிகிட்ட காட்டிப் பெருமையடிச்சேன். அது உன் வாசல் வரைக்கும் நடந்து வரும்னு நினைக்கல." மூச்சு விட்டாள். "என் பையன் என்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்லி வச்சிருந்தான். 'நான் உள்ள வந்தா முதல் வேலையா துறையில விளக்க ஏத்துவேன். நீ எந்த மூலையில இருந்தாலும் தெரியும்'னு. ஒரு தடவைகூட மறந்ததில்ல. இவருக்கு அது தெரியாது, இவளுக்கும் தெரியாது. தினமும் பாத்தேன். கம்பம்தான் நிக்குது. அதனால..." அந்த வார்த்தையை அவள் இதுவரை சொன்னதில்லை. "அவன் போயிட்டான் கண்ணு. கப்பலோட போயிட்டான். நீ நாளைக்கு வண்டியேறு. உங்க அம்மாகிட்டப் போ."

அந்தப் பெண் தலையாட்டினாள். அழவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மகள் அவள் முழங்கையைத் தாங்கினாள்.

மேசைமேல் இருந்த விரிசல் விட்ட போன் தானாக ஒளிர்ந்தது.

முதலில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அப்பாதான் எட்டிப் பார்த்தார். "என்னமோ எழுத்து வருது," என்றார். "கிடங்குல மூடாம வந்துட்டேன் போல. இதை இதுக்கு முன்னால பாத்ததில்லையே."

மகள் குனிந்து படித்தாள். தலையணை வீசிய காலத்திலிருந்து அவளுக்குத் தெரிந்த எழுத்து. வேறொரு கருவியில் நுழைந்திருக்கிறீர்கள்.

"யாரு?" என்றார் அப்பா. "நீயா?"

அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். அவளுடைய போன் சுவரோரம் சார்ஜில் கிடந்தது. அப்பாவின் கைகளும் வெறுமையாக இருந்தன.

சுவரில் சாய்த்திருந்த அம்மாவின் போனில் பண்ணை இருட்டிக்கொண்டிருந்தது. மேட்டில் வைக்கோல் தொப்பிப் பெண் நின்றிருந்தாள். கீழே, கூடைக்குப் பக்கத்தில், விளக்கு எரிந்தது.

விளக்கின் கீழ் நீலத் தொப்பி. முதுகு இல்லை. முகம். அது மேட்டைப் பார்த்து நின்றது. பிறகு ஒரு அடி வைத்தது, முன்னோக்கி.

வின்ச்காரன் மனைவி திரையை நோக்கி வேகமாக நகர்ந்தாள். அம்மா அவள் புடவையைப் பிடித்தாள்.

"ஓடாத," என்றாள், உதடு அசையாமல். "யாரும் ஓடாதீங்க."

மொளியால் ஒருமுறை தொட்டாள். மேட்டில் இருந்த பெண் கையில் ஒரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டாள். நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். திரையில் அந்த உருவம் நின்றது, தயங்கியது, இன்னொரு அடி வைத்தது.

"அத்தை," என்றாள் அந்தப் பெண், வெறும் காற்றாக. "எவ்வளவு நேரம்?"

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மகள் அப்பாவைக் கவனித்தாள். அவர் எழுந்திருந்தார். கையில் சுமை எதுவும் இல்லை. ஆனாலும் கண்ணைத் திரையிலிருந்து எடுத்து, கழுத்தைத் தோளுக்கு மேல் வளைத்து, மெல்லப் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார். நாற்காலியை விலக்கி, அந்தப் பெண்ணின் செருப்பை விலக்கி, முதுகு கதவில் படும்வரை. கையைப் பின்னால் கொண்டுபோய்த் தாழ்ப்பாளைத் தடவி எடுத்து, கதவை முழுசாகத் திறந்தார். பிறகு ஒருவர் உள்ளே வர இடம்விட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்.

பனி முதலில் உள்ளே வந்தது.